பிறப்பிலிருந்து அல்ல, இறப்பிலிருந்து தொடங்குங்கள்: வட கரோலினாவின் பாப்டிஸ்ட் விவசாயக் குடும்பம் ஒன்றைத் தேடிப் போகிறவர்களுக்கு

என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. வட கரோலினாவில் சாத்தம், லீ, மூர் என்ற மூன்று கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒட்டுகிற பக்கத்தில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்ட பாப்டிஸ்ட் குடும்பம் அவருடையது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டில் என்னிடம் கேட்டார்: "எங்க அப்பாவோட அம்மாவுக்குப் பத்துப் பிள்ளைன்னு சொல்வாங்க. எனக்கு ஆறு பேரைத்தான் தெரியும். மிச்ச நாலு பேர் எங்கே கிடக்கறாங்கன்னு பார்த்துச் சொல்றியா?"

மதுரைப் பக்கத்துப் பெண் நான். எங்கள் ஊர் என்றால் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் போதும். இங்கே யாரைக் கேட்பது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று எதுவும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். இரண்டு வருடம் ஆனது. அதில் பாதி, தவறான இடத்தில் தொடங்கியதால் வீணானது. இங்கே திருமணம் செய்துகொண்டு, பிள்ளைகளுக்கு அப்பா வழி அல்லது அம்மா வழி வேரைச் சொல்ல நினைக்கும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தேடியது வட கரோலினாவில். தெற்கின் மற்ற மாநிலங்களுக்கும் வழி இதுதான், ஆண்டுகள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்க, லுத்தரன் குடும்பங்களைத் தேடுபவர்களுக்குக் குழந்தை ஞானஸ்நானப் பதிவேடு கிடைக்கும். பாப்டிஸ்டுகள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில் தானே விசுவாசத்தை அறிக்கையிட்டு, தண்ணீரில் முழுகி எடுப்பதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே சபையில் பிறப்புப் பதிவேடு என்று ஒன்று இருக்காது. அதைத் தேடித்தான் முதல் நான்கு மாதங்களைத் தொலைத்தேன். நீங்கள் இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

1. வீட்டுக் காகிதங்களைப் படம் எடுங்கள்

செலவு இல்லாத வேலை, ஒரு வார இறுதி போதும். குடும்ப பைபிள், பழைய கடிதங்கள், இறுதிச் சடங்கில் கொடுத்த அட்டைகள், புகைப்படங்களின் பின்பக்கம், நிலப் பத்திரம், இன்சூரன்ஸ் காகிதம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள். பெரியவர்கள் பேசும்போது ஒலிப்பதிவு செய்யுங்கள். "தாத்தா எப்போது பிறந்தார்" என்று கேட்டால் பதில் வராது. "இறுதிச் சடங்கு எந்தச் சபையில் நடந்தது, மழையா வெயிலா, யார் வீட்டில் சாப்பாடு" என்று கேளுங்கள். வரும்.

குடும்ப பைபிளில் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் பக்கங்கள் இருக்கும். அதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், முதல் பக்கத்தில் அந்த பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1880-இல் அச்சான பைபிளில் 1850-களின் பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், அவை பின்னாளில் நினைவிலிருந்தோ வேறொரு தாளிலிருந்தோ எழுதியவை. தேவையில்லை என்று தள்ளிவிடாதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். உங்கள் வீட்டில் பைபிள் இல்லையென்றால், ராலேயில் உள்ள வட கரோலினா மாநில ஆவணக் காப்பகம் பல குடும்பங்களின் பைபிள் பக்கங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரியப்பா கிளையின் பைபிள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

2. இறப்புச் சான்றிதழ்

வட கரோலினாவில் மாநிலம் முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1913-இல் தொடங்கியது. அலபாமாவுக்கு 1908, வர்ஜீனியாவுக்கு 1912 (அங்கே 1853 முதல் 1896 வரை ஒரு பழைய தொகுதியும் உண்டு), தென் கரோலினாவுக்கு 1915, ஜார்ஜியாவுக்கு 1919. சட்டம் வந்த ஆண்டிலேயே எல்லாச் சாவும் பதிவாகிவிடவில்லை. கிராமங்களில் முதல் சில வருடங்கள் ஓட்டை நிறைய, குழந்தைச் சாவுகளில் இன்னும் அதிகம்.

முதலில் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி அங்கே தேடுங்கள். வட கரோலினாவின் பழைய இறப்புச் சான்றிதழ்கள் பலவற்றின் படமே அங்கே இருக்கிறது. இல்லையென்றால் அந்தக் கவுண்டியின் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் அலுவலகம். நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி, நிலப் பத்திரத்தோடு பிறப்பு, இறப்பு, திருமணமும் அங்கேதான். நான் இதை எழுதும்போது கவுண்டியில் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றுக்கு 10 டாலர், மாநில அலுவலகத்தில் 24 டாலர். வம்சம் தேடுவதற்குச் சான்றொப்பம் தேவையே இல்லை. "சான்றொப்பமில்லாத நகல் போதும்" என்று கேளுங்கள், சில்லறைக் காசில் முடியும். கவுண்டிக்கு நேரில் போனால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் கிடைக்கும். மாநில அலுவலகத்துக்குத் தபாலில் எழுதினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் நாம் பார்ப்பது பெயரும் தேதியும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது "தகவல் தந்தவர்" என்ற கட்டம். மாமியார் சொன்ன அந்த அப்பாவின் அம்மா, அதாவது என் கணவரின் கொள்ளுப்பாட்டி, 1921-இல் இறந்தார். அவருடைய சான்றிதழில் தாயின் பெயர் தப்பு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் வேறொரு குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தகவல் தந்தவர் யார் என்று அப்புறம்தான் பார்த்தேன், மருமகன். தன் மாமியாரின் அம்மாவை அவர் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். இறந்த தேதி, இடம், மருத்துவர் எழுதிய காரணம் ஆகியவற்றை நம்பலாம். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் சொன்னவரைப் பொறுத்தது.

காரணம் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். கொள்ளுப்பாட்டியின் தாளில் "பெல்லாக்ரா" என்று எழுதியிருந்தது. நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் குறைவதால் வரும் நோய். சோள மாவும் கொழுத்த பன்றி இறைச்சியும் மொலாசஸ் பாகும் மட்டுமே தட்டில் விழுந்த ஏழைக் குடும்பங்களை அந்தக் காலத்தில் பருத்தி நாடு முழுவதும் பிடித்தது அது. தோல் உரிந்து, வயிறு போய், கடைசியில் சித்தம் கலங்கும். "பாட்டி கடைசியில் கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிட்டா" என்று குடும்பத்தில் தாழ்ந்த குரலில் சொல்லிவந்ததன் காரணம் அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது. மாமியாரிடம் அதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அடக்கம் செய்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே சபையின் பெயர் இருந்தால் தனியாக எழுதி வையுங்கள், ஐந்தாம் படிக்கு அதுதான் சாவி.

3. சென்சஸை 1950-இலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியாகும். 1950-இன் தாள்கள் 2022-இல் வந்தன, 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். எல்லாமே ஃபேமிலிசர்ச்சில் இலவசம். ஆன்செஸ்ட்ரி தளத்துக்கு உடனே பணம் கட்டாதீர்கள். பல பொது நூலகங்களில் உறுப்பினர்கள் அதை இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரு ஆண்டையும் தாண்டாமல் ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள். 1940-இல் வீட்டில் யார் பதில் சொன்னார்களோ அவர் பெயரை ஒட்டி வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பதில் சொன்னவர் யார் என்று தெரியாது, பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். 1880 முதல்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதினார்கள். 1850-க்கு முன் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

இறந்த குழந்தைகளைத் தேடுகிறவர்களுக்கு 1900, 1910 ஆகிய இரண்டும்தான் உயிர்நாடி. பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று அந்த இரண்டு ஆண்டுகளிலும் தாய்மார்களைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். கொள்ளுப்பாட்டிக்கு 1900-இல் ஏழு, அதில் உயிரோடு ஐந்து. 1910-இல் பத்து, உயிரோடு ஆறு. மாமியார் கேள்விப்பட்டது சரிதான். இனி இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 1900-க்கு முன்பே இரண்டு பேர் போய்விட்டார்கள். 1900 தாளில் மூன்று வயது என்று இருந்த ஒரு பையன் 1910-இல் இல்லை, அவன் மூன்றாவது. 1900-க்குப் பிறகு பிறந்த மூன்று பேரில் இரண்டு பேர்தான் 1910-இல் இருக்கிறார்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே வந்து நடுவிலேயே போய்விட்ட அந்தக் குழந்தை நான்காவது.

இங்கே ஒரு பெரிய பள்ளம் உண்டு. 1890 சென்சஸ் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி, அனேகமாக முழுவதும் இல்லாமல் போய்விட்டன. 1881-இல் பிறந்து 1898-இல் இறந்த ஒரு பெண் எந்தச் சென்சஸிலும் இருக்க மாட்டாள். பதினேழு வயது வரை வாழ்ந்தவள்! 1880-க்கும் 1900-க்கும் நடுவே உங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கிடையே நான்கைந்து வருட இடைவெளி தெரிந்தால், அங்கே யாரோ இருந்திருக்கலாம் என்று குறித்து வையுங்கள்.

1850 முதல் 1880 வரை இன்னும் இரண்டு துணைப் பட்டியல்கள் உண்டு. ஒன்று இறப்புப் பட்டியல்: அந்தந்த ஆண்டு ஜூன் 1-க்கு முந்தைய 12 மாதங்களில் இறந்தவர்களின் பெயர், வயது, மாதம், காரணம் அதில் இருக்கும். மற்றது விவசாயப் பட்டியல்: எத்தனை ஏக்கர் உழுதது, எத்தனை கரம்பு, எத்தனை கோவேறு கழுதை, பன்றி, எத்தனை புஷல் சோளம் என்று ஒரு வருட வாழ்க்கையே கண்முன் வரும். மிகச் சிறிய பண்ணைகளை அதில் சேர்க்கவில்லை. ஆகவே பெயர் இல்லாவிட்டால் விவசாயமே செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

4. எந்தக் கவுண்டி என்பதைப் பயணத்துக்கு முன்பே உறுதி செய்யுங்கள்

லீ கவுண்டி 1907-இல்தான் உருவானது, சாத்தமிலிருந்தும் மூரிலிருந்தும் பிரித்து. குடும்பம் நகரவே இல்லை, கோடுதான் நகர்ந்தது. 1886-இல் நடந்த கொள்ளுப்பாட்டியின் திருமணத்தைத் தேடி நான் லீயின் தலைநகரான சான்ஃபோர்டுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காகிதம் சாத்தமின் தலைநகரான பிட்ஸ்பரோவில் இருக்க வேண்டியது. ஒரு நாள் போனது. நியூபெரி நூலகத்தின் கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசம், தேதியைச் சொன்னால் அன்றைய எல்லையைக் காட்டும்.

நீதிமன்றம் எரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூர் கவுண்டி நீதிமன்றம் 1889-இல் எரிந்ததில் பழைய நிலப் பதிவுகள் பெரும்பாலும் போய்விட்டன. எரிந்த கவுண்டி என்றால் மனம் தளர வேண்டாம். சென்சஸும் சபைப் புத்தகமும் வேறு இடத்தில் இருப்பவை. தீக்குப் பிறகு பலர் கையிலிருந்த பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து மறுபதிவு செய்வதும் வழக்கம், அதனால் பதிவான தேதியை வைத்து மட்டும் தேடாதீர்கள்.

திருமண உரிமம் கையில் கிடைத்தால் இரண்டு முறை படியுங்கள். 1868-க்குப் பின் வந்தவற்றில் மணமக்களின் பெற்றோர் பெயரோடு, அவர்கள் இருக்கிறார்களா இறந்துவிட்டார்களா என்றும் எழுதும் வழக்கம் வந்தது. சான்றிதழ் இல்லாத காலத்து இறப்பைக் குறுகிய இடைவெளிக்குள் கொண்டுவர இதைவிட நல்ல காகிதம் இல்லை.

5. சபையின் மினிட்ஸ் புத்தகம்

என் தேடலில் மிகவும் மனம் நிறைந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராமத்துப் பாப்டிஸ்ட் சபைகளில் அந்தக் காலத்தில் மாதம் ஒரு வார இறுதிதான் ஆராதனை. போதகர் பல சபைகளைச் சுற்றி வருவார். சனிக்கிழமை சபைக் கூட்டம் நடக்கும், எழுத்தர் நடந்ததை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவார். யார் ஞானஸ்நானம் எடுத்தார், யார் வேறு சபையிலிருந்து கடிதம் கொண்டுவந்து சேர்ந்தார், யார் கடிதம் வாங்கிக்கொண்டு போனார், யார் குடித்துவிட்டுச் சண்டை போட்டதால் நீக்கப்பட்டார், யார் வந்து மன்னிப்புக் கேட்டு மறுபடி சேர்ந்தார் என்று எல்லாம் இருக்கும். பின்பக்கத்தில் உறுப்பினர் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சேர்ந்த விதம், விலகிய விதம், "இறந்தார்" என்ற குறிப்பு. பெண்களுக்குத் திருமணமானதும் பழைய குடும்பப் பெயரை அடித்துவிட்டு மேலே புதியதை எழுதியிருப்பார்கள். அந்த அடித்தலைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கே கிடைக்கும்? ஒன்று, அந்தச் சபையிலேயே. அலுவலக அலமாரியிலோ முந்தைய எழுத்தரின் வீட்டுப் பரணிலோ இருக்கும். இரண்டு, வின்ஸ்டன்-சேலத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக நூலகம், வட கரோலினா பாப்டிஸ்ட் சபைகளின் புத்தகங்களையும் மைக்ரோஃபிலிமையும் திரட்டி வைத்திருக்கிறது. மற்ற மாநிலங்களுக்கும் இதேபோல் உண்டு: ஜார்ஜியாவுக்கு மெர்சர், அலபாமாவுக்கு சாம்ஃபோர்ட், தென் கரோலினாவுக்கு ஃபர்மன் ஆகிய பல்கலைக்கழகங்கள். சதர்ன் பாப்டிஸ்ட் பிரிவின் பொதுக் காப்பகம் நாஷ்வில்லில் இருக்கிறது. மூன்று, ராலே ஆவணக் காப்பகம். போவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், சில பெட்டிகளை வெளிக் கிடங்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருக்கும்.

சபைப் புத்தகம் கிடைக்காவிட்டால் சபைகளின் சங்கம் இருக்கிறது. அருகிலுள்ள சபைகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. எங்கள் பகுதியின் சாண்டி கிரீக் சங்கம் 1758-இல் தொடங்கியது. சங்கங்கள் வருடா வருடம் அச்சிட்ட அறிக்கையில் ஒவ்வொரு சபையின் பிரதிநிதிகள் பெயரும், அந்த வருடம் எத்தனை பேர் முழுக்கு எடுத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கும். உதவிக்காரர்கள் (சபையின் டீக்கன்கள்) இறந்தால் சில சமயம் இரங்கல் குறிப்பும் போடுவார்கள்.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும். ஒரே பெயரில் இரண்டு சபைகள் இருக்கலாம், ஒன்று மிஷனரி பாப்டிஸ்ட், மற்றது பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட். எது என்று கேட்டுத் தெளியுங்கள். அடுத்து, முழுக்கு எடுக்காத பிள்ளைகள் உறுப்பினர் அல்ல. அதனால் சின்ன வயதில் இறந்த குழந்தையைப் பட்டியலில் தேடாதீர்கள், இருக்காது. கடைசியாக, சபையின் கல்லறைத் தோட்டத்தில் யார் அடக்கமானார்கள் என்பது மினிட்ஸில் வராது.

1865-க்கு முந்தைய புத்தகங்களில் இன்னொன்றும் வரும். பல சபைகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களும் உறுப்பினர்கள். அவர்களை முதற்பெயர் மட்டும் எழுதி, இன்னாருக்கு உரியவர் என்று குறித்திருப்பார்கள். அந்த மனிதர்களின் வம்சத்தாருக்கு 1870 சென்சஸுக்கு முன் முன்னோரின் பெயர் கிடைப்பது மிக அரிது. உங்கள் குடும்பப் புத்தகத்தில் அப்படிப் பெயர்களைக் கண்டால், தயவுசெய்து படம் எடுத்து, எழுதி, நூலகத்துக்கும் கொடுங்கள். எங்கள் மாமியார் அந்தப் பக்கங்களைத் தன் கையாலேயே நகல் எழுதினார்.

சபையை அணுகும் முறையும் முக்கியம். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பல சபைகளில் வருடம் ஒருமுறை "ஹோம்கமிங்" என்று வைப்பார்கள். வெளியூர் போனவர்கள் எல்லாம் வருவார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே நீண்ட மேசைகளில் சாப்பாடு. அன்றைக்குப் போங்கள், கையில் ஒரு பாத்திரம் உணவோடு. நான் எலுமிச்சை சாதம் கொண்டு போனேன். அதைப் பற்றிக் கேட்க வந்த ஒரு பெரியவர்தான் மினிட்ஸ் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று சொன்னார். புத்தகத்தை வெளியே எடுத்துப்போகக் கேட்காதீர்கள். அங்கேயே மேசை மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தில் கொள்ளுத்தாத்தாவும் பாட்டியும் 1888-இல் "கடிதத்தின் மூலம்" சேர்ந்ததாக ஒரு வரி. எந்தச் சபையிலிருந்து வந்தார்கள் என்பதும் இருந்தது. அந்த வரியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

6. நிலம், வாரச் சாகுபடி, சொத்துப் பிரிவினை

சொந்த நிலம் இருந்திருந்தால் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸில் விற்றவர் பட்டியல், வாங்கியவர் பட்டியல் இரண்டையும் பாருங்கள். பழைய பத்திரங்கள் நம் ஊர்ப் பத்திரத்தின் சக்குபந்தி மாதிரியே ஓடும்: ஒரு கல்லில் தொடங்கி, வடகிழக்கே இத்தனை "போல்" நடந்து ஒரு வெள்ளை ஓக் மரம், அங்கிருந்து இன்னாருடைய வேலி என்று. ஒரு போல் என்பது 16.5 அடி, செயின் 66 அடி. வேலியில் பெயர் வரும் அந்த "இன்னார்" பல நேரம் மாமனாரோ மச்சானோதான்.

நிலம் இல்லாதவர்களும் காகிதத்தில் இருக்கிறார்கள். 1880 விவசாயப் பட்டியல் சொந்தமா, பணக் குத்தகையா, விளைச்சலில் பங்கு தரும் வாரமா என்று சொல்லும். வாரத்துக்கு உழுதவர்கள் வசந்த காலத்தில் விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும்போது, வரப்போகும் பயிரையும் கோவேறு கழுதையையும் அடமானம் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் இதே அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கழுதையின் நிறமும் பெயரும்கூட எழுதியிருந்த ஒரு தாளைப் பார்த்தேன்.

உயில் இல்லாமல் இறந்தவர்களுக்கும் சொத்துக் கோப்பு இருக்கும். ஃபேமிலிசர்ச்சில் வட கரோலினாவின் சொத்துக் கோப்புகள் பெருந்தொகுப்பாக இருக்கின்றன. விதவைக்கு ஒரு வருடச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய சோளம், இறைச்சி, ஏலத்தில் கலப்பையை எடுத்தவர் பெயர் எல்லாம் அதில் வரும். சொற்களில் மட்டும் கவனம் வேண்டும். "அநாதை" என்றால் தந்தை இல்லாத பிள்ளை, தாய் உயிரோடு இருக்கலாம். "சீனியர், ஜூனியர்" என்பது ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்பதற்கும் பயன்பட்டது, அப்பா மகன் என்று எடுத்துவிடாதீர்கள்.

7. உள்ளூர்ச் செய்தித்தாள்

டிஜிட்டல்என்சி தளத்தில் வட கரோலினாவின் பழைய சிறு பத்திரிகைகள் இலவசம். சாத்தம் ரெக்கார்ட் 1878 முதல் வந்தது. மாநில பாப்டிஸ்டுகளின் பிப்ளிகல் ரெக்கார்டர் இதழில் இரங்கல் குறிப்புகள் நிறைய உண்டு. பெண்களைக் கணவரின் முதலெழுத்துகளோடுதான் குறிப்பிடுவார்கள், குழந்தைகளைப் "இன்னாரின் சிறு பிள்ளை" என்பார்கள். அதனால் குடும்பப் பெயரோடு சபையின் பெயரையோ அஞ்சல் நிலையத்தின் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். இயந்திரம் பழைய அச்சைத் தப்பும் தவறுமாகப் படிக்கும். தேதி ஓரளவு தெரிந்தால் அந்த மாத இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிடுவதே மேல். 1900-இல் மூன்று வயதாக இருந்த பையன் எனக்கு அப்படித்தான் கிடைத்தான்: 1907 செப்டம்பரில் டைஃபாய்டு, பத்து வயது, இரண்டே வரிச் செய்தி.

8. செலவும் காலமும்

மொத்தத்தில் எனக்குச் சான்றிதழ் நகல்கள், பெட்ரோல், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 200 டாலருக்குள் முடிந்தது. பணம் கேட்கும் ஆட்களிடம் முழு வம்சத்தையும் எழுதித் தரச் சொல்லாதீர்கள். இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களை அப்படியே ஒட்டிக்கொள்வதும் வேண்டாம், ஒருவர் செய்த தப்பு நாற்பது மரங்களில் இருக்கும். மரபணுப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். வார இறுதிகளில் மட்டும் செய்தால் இந்த வரிசைக்கு எட்டு மாதம் பிடிக்கும்.

9. கல்லறைக்குப் போவது

ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் முதலில் பாருங்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் பெயர் செதுக்கிய கல்தான் பதிவாகியிருக்கும். 1914-க்கு முந்தைய கல்லறைகளை 1930-களில் மாநிலம் முழுவதும் கணக்கெடுத்த அட்டைகள் ராலே காப்பகத்தில் உள்ளன. இன்று உடைந்து போன கல்லின் வாசகம் அதில் இருக்கக்கூடும்.

ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். புதர் காய்ந்திருக்கும், பாம்பும் உண்ணியும் குறைவு. காட்டுக்குள் கைவிடப்பட்ட குடும்பக் கல்லறை என்றால் தேவதாரு மரத்தையும், தரையில் படர்ந்து நீல ஊதாப் பூ விடும் வின்கா கொடியையும் தேடுங்கள். நம் நித்தியகல்யாணிக்குச் சொந்தக்காரச் செடி அது. நித்தியகல்யாணியை நம் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்பார்கள், இங்கேயும் அதன் உறவு கல்லறையில்தான் படர்கிறது. பக்கத்துச் சபையின் தோட்டம் என்றால் பிரச்சினை இல்லை. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். மறுத்தால், வட கரோலினாவில் வம்சத்தார் சுப்பீரியர் கோர்ட் எழுத்தரிடம் மனுச் செய்து போய்வர அனுமதி பெறச் சட்டம் இடம் தருகிறது.

கல்லைச் சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். ப்ளீச், கம்பி பிரஷ், சாக்பீஸ், ஷேவிங் நுரை எதுவும் படக்கூடாது. எழுத்து மங்கியிருந்தால் கைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடியுங்கள், பள்ளங்கள் எழும்பித் தெரியும். அக்கம்பக்கத்துக் கற்களையும் சேர்த்துப் படம் எடுங்கள், யார் யாருக்குப் பக்கத்தில் என்பதும் ஒரு தகவல்தான்.

நாங்கள் போனது பிப்ரவரியில். கொள்ளுப்பாட்டியின் கல்லுக்குக் காலடியில் சின்ன ஆட்டுக்குட்டி செதுக்கிய வெள்ளைக் கல், 1889 முதல் 1891 வரை வாழ்ந்த ஒரு பெண் குழந்தை. அதை ஒட்டி, எழுத்தே இல்லாத இரண்டு வயல் கற்கள். ஒரு சாண் உயரம், கிழக்கு மேற்காக. கல் வாங்கக் காசில்லாதவர்கள் உழும்போது கிடைத்த கல்லையே நட்டு வைப்பார்கள். ஒன்று 1907 பையனாக இருக்கலாம், மற்றது நடுவில் வந்துபோன குழந்தையாக இருக்கலாம். என் குறிப்பேட்டில் "பெயரில்லாக் கல், இரண்டு" என்று மட்டும் எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். ஊகத்தை ஒருமுறை பெயராக எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

மாமியார் இரண்டு கற்களையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, விரல் விட்டு எண்ணினார். "மூணுதானே வருது?" என்றார். அப்போதுதான் அந்த 1888 வரி எனக்கு உறைத்தது. திருமணம் 1886-இல். இந்தச் சபைக்குக் கடிதம் கொண்டுவந்தது 1888-இல். முதல் குழந்தை அதற்கு முன்பே பிறந்து இறந்திருந்தால், அது இங்கே இருக்காது, அவர்கள் விட்டுவந்த பழைய சபையின் தோட்டத்தில் இருக்கும். அந்தச் சபை பதினோரு மைல் தள்ளி இருக்கிறது. சபை எழுத்தரிடம் பேசிவிட்டேன், வரும் ஜனவரியில் இரண்டாம் சனிக்கிழமை திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.